எட்டுக் கிலோ

டாக்டர் அறையில் எடை பார்க்கும் மிஷின் ஒன்றுதான் இருந்தது. முதலில் ஏறியவள் திரௌபதி. முள் எண்பத்து நாலில் போய் நின்றது. வைத்தியம் அவளுக்குத்தான். துணைக்கு வந்த புருஷன் கலியமூர்த்தி, பஸ் ஸ்டாண்டில் காசு போட்டால் அட்டை வருகிற மிஷினைக் கண்ட மாதிரி உற்சாகத்தோடு, "நானும் பாக்குறேன் சார்" என்று செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். முள் தொண்ணூற்று இரண்டில் நின்று ஆடியது.

மிஷின் இரண்டு பேரிடமும் ஒரே பாஷையில்தான் பேசியது. டாக்டர் பூவராகன் அப்படிப் பேசவில்லை. கலியமூர்த்தியைப் பார்த்துச் சிரித்தார். "வீட்டுல நல்லா கவனிக்கிறாங்க போலிருக்கு சார்" என்றார். அப்புறம் திரௌபதி பக்கம் திரும்பினார்.

"அவருக்கு எண்ணெயைக் கொறைங்கம்மா. நீங்க ஆக்கிப் போடறதைத்தானே அவரு சாப்பிடறாரு? உங்க விஷயம் வேற. நீங்க வாயைக் கட்டணும். அது உங்க கையிலதான் இருக்கு."

அதாவது கலியமூர்த்தியின் தொந்திக்குக் காரணம் திரௌபதியின் சமையல். திரௌபதியின் சதைக்குக் காரணம் திரௌபதியின் வாய். இரண்டு உடம்புக்கும் ஜவாப்தாரி ஒரே ஆள். இந்த நியாயம் அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. அவள் பயத்தில் இருந்தாள். இரண்டு வருஷமாக மாதவிலக்கு என்று வந்தால் நிற்பதில்லை. பத்து நாள், சில மாதம் அதற்கும் மேல். ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி என்று வந்துவிட்டது. புற்று இல்லை, ஆனால் எடுத்துவிட வேண்டும், விட்டால் ரத்தம் போய்க்கொண்டே இருக்கும் என்று டாக்டர் சொன்னார். உடனே எடுக்க முடியாது என்றும் அதே மூச்சில் சொன்னார். சர்க்கரை கொஞ்சம் கூட இருக்கிறது, இவ்வளவு கனத்துக்கு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து.

"எட்டுக் கிலோ கொறைச்சிட்டு வாங்க. அன்னிக்கே தேதி குடுத்துடறேன்."

எட்டுக் கிலோ. குறைத்தால் ஆபரேஷன், குறைக்காவிட்டால் ரத்தம். 2006-ஆம் வருஷத்துச் சித்திரை வெயிலில், விருத்தாசலம் ஜங்ஷன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து திரௌபதி இதை மட்டும் மனசில் முடிந்துகொண்டு வெளியே வந்தாள். கலியமூர்த்தி வாசலில் இருந்த கடையில் ஒரு போண்டாவும் டீயும் சாப்பிட்டார். "நீ சாப்பிடக் கூடாது இல்ல?" என்று அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்.

திரௌபதி பிறக்கும்போதே இந்த உடம்போடு பிறந்துவிடவில்லை. நல்லூர்ப் பக்கத்துக் குடியானவர் வீட்டில் நாலாவது பெண். கல்யாணத்துக்கு முன்னால் அவளை ஊரில் ஒல்லிக்குச்சி என்றுதான் கூப்பிட்டார்கள். கலியமூர்த்தியின் வீட்டார் பெண் பார்க்க வந்தபோது அவருடைய பெரியம்மா அவள் மணிக்கட்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் சதை போட்டா நல்லா இருக்கும்" என்றாள். பிடித்திருக்கிறது, ஆனால் சதை போட வேண்டும். தை மாதம் கல்யாணம் என்று வைத்து, அதற்குள் பெண்ணைத் தேற்றும் பொறுப்பு அம்மாவிடம் ஒப்படைக்கப்பட்டது. தினமும் காலையில் உளுந்தங்களி, நடுவில் குழி செய்து நல்லெண்ணெய். வேண்டாம் என்றால், "பொம்பளன்னா ஒடம்புல சதை இருக்கணும்டி. எலும்புக்கூட்டை எவன் கட்டிப்பான்?" என்று அம்மா அதட்டுவாள். அப்போது சதை போடாதது அவள் குற்றம். இப்போது போட்டது அவள் குற்றம்.

கல்யாணமாகி விருத்தாசலம் வந்தாள். கயல்விழி பிறந்தாள். அடுத்து ஒன்று தங்கவில்லை. இரண்டு தடவையும் நெய்யும் பூண்டும் கருப்பட்டியும் கொடுத்துத் தேற்றினார்கள், தேறினாள். கயல்விழி ஸ்கூலுக்குப் போக ஆரம்பித்ததும் செராமிக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். அச்சிலிருந்து எடுத்த ஈரமான களிமண் பொம்மைகளின் ஓரத்தில் பிசிறு இருக்கும். அதைச் சின்னக் கத்தியால் சுரண்டி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்து, பலகையில் வரிசையாக வைக்க வேண்டும். பெண்கள் எல்லோரும் உட்கார்ந்து இதைச் செய்வார்கள். நிரம்பின பலகையைத் தோளில் வைத்து சூளைக்குத் தூக்கிப் போவது ஆண்கள். காலையில் உட்கார்ந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பது. அந்த இடத்திலேயே பதினைந்து வருஷம் உட்கார்ந்திருந்தாள்.

அந்த வருஷம் எல்லாக் கம்பெனியிலும் குபேர பொம்மைக்குத்தான் கிராக்கி. மொட்டைத் தலை, காது வரைக்கும் சிரிப்பு, தொப்புள் தெரியப் பெரிய தொந்தி. வீட்டில் வைத்தால் ஐஸ்வரியம், தொந்தியைத் தடவினால் அதிர்ஷ்டம் என்று மெட்ராஸ் வரைக்கும் வாங்கினார்கள். திரௌபதி நாள் முழுக்க அந்தத் தொந்திகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பலகை தூக்க வந்த பையன்களில் ஒருவன், "குபேரனுக்கு ஜோடி இங்கதான் குந்தியிருக்குது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கூடச் சிரித்து வைத்தாள், ஆனால் உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. ஆண் தொந்தி போட்டால் அதிர்ஷ்டம் என்று அலமாரியில் வைக்கிறார்கள், பெண் போட்டால் கேலி.

கலியமூர்த்தி விஷயத்திலும் அதுதான். கடை வீதியில் ஓர் உரக்கடையில் அவர் விற்பனையாள். ஓனர் பல்லி மாதிரி ஒட்டிப்போன மனுஷன். மங்கலம்பேட்டையிலிருந்தும் நல்லூரிலிருந்தும் வருகிற விவசாயிகள் கடைக்குள் நுழைந்ததும் ஓனரைத் தாண்டி கலியமூர்த்தியிடம் போய், "மொதலாளி, யூரியா வந்துதுங்களா?" என்று கேட்பார்கள். இதை வீட்டில் வந்து நூறு தடவை சொல்லி மகிழ்ந்திருக்கிறார். திரௌபதியை இன்றுவரை யாரும் முதலாளி என்று நினைத்ததில்லை.

சரி, குறைப்போம் என்று இறங்கினாள். முதலில் சாப்பாடு.

அவள் ஒன்றும் ஆசைப்பட்டு வாரிக் கொட்டிக்கொள்கிறவள் இல்லை. புருஷனுக்கும் வந்தவர்களுக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காருவாள். அப்போது சட்டியில் ஒரு கை சோறு இருக்கும், குழம்பின் அடிமண்டி இருக்கும், கலியமூர்த்தி போதும் என்று ஒதுக்கிய அப்பளம் இருக்கும். சோற்றைக் கொட்டக் கூடாது. கொட்டினால் வீட்டில் லட்சுமி தங்க மாட்டாள் என்று பயம். நாய்க்குப் போடலாம் என்றால் அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் போட்டு நாயே முகம் திருப்பிக்கொண்டு போகும். ஆகவே அதுவும் அவள் வயிற்றுக்குத்தான். அவள் தட்டில் அவளுக்கென்று போட்டுக்கொண்டது கொஞ்சம், மிச்சம் என்று வந்து விழுந்ததுதான் அதிகம்.

மிச்சமே வராமல் அளந்து ஆக்கிப் பார்த்தாள். இரண்டாம் நாளே கலியமூர்த்தி உரக்கடையிலிருந்து ஒரு சிநேகிதரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். சோறு பத்தவில்லை. சிநேகிதர் போகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"அளந்து ஆக்குற வூடா இது? நாலு பேரு வந்து போற வூடு. மானத்த வாங்கிட்டியே."

"டாக்டரு கொறைக்கச் சொன்னாருல்ல?"

"ஒன்னதான கொறைக்கச் சொன்னாரு? ஒல பானைய ஏன் கொறைக்கிற?"

மறுபடியும் பழைய அளவு. மறுபடியும் மிச்சம். ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டு மோர் குடித்துப் பார்த்தாள். "என்னா, ஒல்லியாயி சினிமாவுல நடிக்கப் போறியா?" என்று பக்கத்து வீட்டு அம்புஜவல்லி கேட்டாள். அம்புஜவல்லி நல்லவள்தான், வாய்தான் கொஞ்சம் நீளம். அதனால் திரௌபதி ஒரு தந்திரம் செய்தாள். செவ்வாயும் வெள்ளியும் கொளஞ்சியப்பருக்கு விரதம் என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எடை குறையப் பட்டினி கிடந்தால் சிரிக்கிற ஊர், சாமிக்கு என்றால் கும்பிடுகிறது. ஆனால் விரதம் என்றால் விட வேண்டுமே. சாயங்காலம் வடை பாயசம் இல்லாமல் என்ன விரதம் என்று கலியமூர்த்தி கேட்டார். படைத்ததைத் தள்ளலாமா என்று அம்புஜவல்லி கேட்டாள். பட்டினி கிடந்த வயிறு வடையைக் கண்டதும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. அந்த மாதம் அரைக் கிலோ ஏறியது.

அடுத்தது நடை. காலையில் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். சொல்வது சுலபம். கலியமூர்த்தியும் அவர் கூட்டாளிகளும் தினமும் வெள்ளைப் பனியன், அரை டிராயர் சகிதம் காலேஜ் மைதானத்துக்கு வாக்கிங் போகிறார்கள். இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு டீக்கடையில் மெதுவடையோடு முடிப்பார்கள். யாரும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. திரௌபதி முதல் நாள் வெறுங்கையோடு தெருவில் இறங்கினாள். முனை திரும்புவதற்குள் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எங்க போற? யாருக்கு என்னா? வூட்ல சண்டையா? ஒரு கிழவர் சைக்கிளை நிறுத்தி, "நான் வேணா கொண்டு வுடட்டுமாம்மா?" என்றார்.

பெண்பிள்ளை காரணமில்லாமல் நடக்கக் கூடாது. நடந்தால் கையில் ஏதாவது இருக்க வேண்டும். குடம் இருந்தால் தண்ணீர், கூடை இருந்தால் பூ, தூக்கு இருந்தால் பால். மறுநாள் திரௌபதி ஒரு காலித் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. ஜங்ஷன் வரைக்கும் போய்த் திரும்பினாள். உடம்பு வேர்த்தது, மனசு லேசானது. நாலைந்து நாள் சந்தோஷமாகவே போனது.

ஆனால் தூக்கைப் பார்த்த தெரு சும்மா இருக்குமா? "பால் வாங்கத்தான போற, எனக்கும் ஒரு பாக்கெட் வாங்கியாயேன்" என்று அம்புஜவல்லி ஆரம்பித்தாள். அடுத்த வாரம் எதிர்வீட்டுக்கு இட்லி மாவு. மூன்றாவது வீட்டுக்கு வெற்றிலை பாக்கு. பால் வந்து சேரவில்லை என்றால் ஏழு மணிக்குக் கதவைத் தட்டினார்கள். கடையில் காத்து நின்ற நேரம்தான் அதிகம், நடந்தது கொஞ்சம். வாக்கிங் போன கலியமூர்த்தி கூட்டாளிகளோடு எதிரில் வந்தவர், வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஊருக்கே பால் ஊத்துற வேலைக்குப் போறியா? என் சிநேகிதன் கேக்குறான், ஒன் பொண்டாட்டி பால் போடுதான்னு."

"நீங்களுந்தான் நடக்குறீங்க. ஒங்கள எவனாச்சும் கேக்குறானா?"

"நான் ஆம்பள. ஒடம்புக்கு நடக்குறேன்."

"எனக்கு மட்டும் ஒடம்பு இல்லியா?"

அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். தூக்கு அன்றோடு ஆணியில் தொங்கியது.

கம்பெனியிலும் ஒரு முயற்சி செய்தாள். சூபர்வைசர் காத்தவராயனிடம் போய், "நானும் பலகை தூக்குறேங்க, ஒக்காந்து ஒக்காந்து ஒடம்பு கெட்டுப்போவுது" என்று கேட்டாள். காத்தவராயன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "அது ஆம்பள வேலம்மா" என்றார். அன்று மாலை அதே காத்தவராயன், கடைசிப் பலகையைத் தூக்க ஆள் வரவில்லை என்று, "திரௌபதி, ஒரு கை குடு" என்று கூப்பிட்டார். தூக்கிக் கொடுத்தாள். வேலை என்று பேர் வைக்காதவரைக்கும் பெண் எதையும் தூக்கலாம் போலிருக்கிறது.

இப்படி ஆடி பிறந்தது. ரத்தம் நிற்கவில்லை. கம்பெனியில் உட்கார்ந்திருந்து எழும்போதெல்லாம் மணைக்கட்டையைத் திரும்பிப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. வெள்ளைக் களிமண் படிந்த இடத்தில் ஒரு சொட்டு பட்டாலும் பளிச்சென்று தெரியும். படி ஏறினால் மூச்சு வாங்கியது. இந்த லட்சணத்தில் எட்டுக் கிலோவை எங்கிருந்து குறைப்பது? ரத்தம் நிற்க வேண்டுமென்றால் ஆபரேஷன் ஆக வேண்டும். ஆபரேஷன் ஆக வேண்டுமென்றால் நடக்க வேண்டும். ரத்தம் போனால் நடக்க முடியாது. சொல்லி அழுவதற்குக் கயல்விழி கூட வீட்டில் இல்லை, சிதம்பரத்தில் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்து கலியமூர்த்திக்குக் குடலிறக்கம் வந்தது. யாரோ முதலாளி என்று கூப்பிட்ட ஜோரில் உர மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்கிக் காட்டியிருக்கிறார். தொப்புளுக்குக் கீழே புடைத்துக்கொண்டது. அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர் பூவராகன், அதே மிஷின். முள் இந்தத் தடவை தொண்ணூற்று நாலைக் காட்டியது. திரௌபதி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள், இவருக்கு எத்தனை கிலோ குறைக்கச் சொல்லப்போகிறாரோ என்று.

"திங்கக்கிழமை அட்மிட் ஆயிடுங்க சார். செவ்வாக்கிழமை முடிச்சுடலாம்" என்றார் டாக்டர்.

திரௌபதிக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. "ஏங்க டாக்டரு, அவரு என்னையவிட வெயிட்டுங்களே?"

"இது வேறம்மா. சின்ன ஆபரேஷன். இடுப்புக்குக் கீழ மரத்துப்போற ஊசி போட்டாப் போதும். அதுவும் இல்லாம அவரு வேலைக்குப் போறவரு, எத்தனை நாளைக்கு வச்சிக்கிட்டிருக்க முடியும்?"

சின்ன ஆபரேஷன் என்பது உண்மையாகவே இருக்கலாம். மரத்துப்போகிற ஊசி சங்கதியும் உண்மையாக இருக்கலாம். ஆனால் திரௌபதியும் வேலைக்குப் போகிறவள்தான். பதினைந்து வருஷமாகப் போகிறாள். அதை அந்த அறையில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. நினைத்துப் பார்க்காததுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. ஆபரேஷன் முடிந்து டாக்டர் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. "இனிமே அவரு வெயிட்டு ஏறாம பாத்துக்கறது உங்க பொறுப்பு. தையல் பிரிஞ்சிடும்."

அவர் தையலுக்கும் அவளே பொறுப்பு.

கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். எண்ணெய் இல்லாத குழம்பு, ஆவியில் வேகவைத்த காய், கேழ்வரகுக் கூழ் என்று அவருக்குத் தனியாக ஆக்கினாள். வந்து பார்க்கிறவர்கள் கொண்டுவந்த ஹார்லிக்ஸையும் பிஸ்கட்டையும் ஒளித்து வைத்தாள். அதற்கு வேறு திட்டு. குளிப்பாட்டி, தூக்கி உட்கார வைத்து, துவைத்துப் போட்டு, இடுப்பில் சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு தன் ரத்தத்தையும் தானே துவைத்தாள்.

ஒருநாள் தாங்க முடியாமல், கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மணவாளநல்லூருக்குக் கிளம்பினாள். அந்தச் சாமியிடம் பிராது கொடுப்பது இந்தப் பக்கத்து வழக்கம். நமக்குத் தீங்கு செய்தவன் பேரைச் சொல்லி, தாளில் எழுதி, சாமி காலடியில் வைத்து எடுத்து, முனியப்பர் சன்னதியில் கட்டிவிட்டு வருவார்கள். கோர்ட்டுக்குப் போய்க் கிடைக்காத நியாயம் இங்கே கிடைக்கும் என்று நம்பிக்கை. பிராது எழுதித் தருகிறவர் பேனாவைத் திறந்துகொண்டு கேட்டார். "பேரு, ஊரு சொல்லும்மா. யாரு மேல பிராது?"

திரௌபதி வாயைத் திறந்தாள். பேர் வரவில்லை.

டாக்டர் மேல் கொடுக்கலாமா? நாளைக்கு வயிற்றைக் கிழிக்கப் போகிறவரே அவர்தான். புருஷன் மேலா? அவர் குடிப்பதில்லை, அடிப்பதில்லை, இன்னொரு வீடு வைத்துக்கொள்ளவில்லை. உளுந்தங்களி ஊட்டிய அம்மா செத்துப்போய்விட்டாள். மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்த பெரியம்மாவும் இல்லை. காத்தவராயனா? பால் பாக்கெட் அம்புஜவல்லியா? எல்லோரும் நல்லவர்கள். யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை. அப்படியானால் எல்லோரும் சொல்கிற மாதிரி அவளேதானா?

"என் மேலயே குடுக்கலாங்களா?" என்று கேட்டாள்.

எழுதுகிறவர் பேனாவை மூடிவிட்டார். "என்னம்மா இது வெளயாட்டு? தன் மேலயே பிராது குடுத்தா சாமி யாரக் கூப்ட்டு விசாரிக்கும்? போயி யோசிச்சிட்டு வா."

கோயிலைவிட்டு வெளியே வந்தபோது பஸ் நின்றுகொண்டிருந்தது. ஏறவில்லை. வெறுங்கையை வீசிக்கொண்டு விருத்தாசலம் வரைக்கும் நடந்தே வந்தாள். வழியில் கேட்ட ஒருவருக்கும் பதில் சொல்லவில்லை. அவளுக்கு வந்த ஆத்திரத்துக்குக் கடலூர் வரைக்கும்கூட நடந்திருப்பாள்.

அதற்கப்புறம் அவள் எதையும் முயற்சி செய்யவில்லை. முயற்சி செய்யாமலேயே உடம்பு இளைக்க ஆரம்பித்தது. ரத்தம் போனது, தூக்கம் போனது, சாப்பாட்டைப் பார்த்தால் குமட்டியது. தாடை எலும்பு தெரிந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்தது. "இப்பதாண்டி நீ லட்சணமா இருக்க" என்று அம்புஜவல்லி மெச்சிக்கொண்டாள். கம்பெனியில் எல்லோரும் என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார்கள்.

கார்த்திகை மாதம் மறுபடியும் ஆஸ்பத்திரி. தையல் ஆறிய கலியமூர்த்தியும் கூட வந்தார். திரௌபதி மிஷினில் ஏறினாள். எழுபத்து ஐந்து. எட்டுக் கிலோவுக்கு மேலேயே குறைந்திருந்தது.

"பரவாயில்லையே!" டாக்டர் பூவராகன் எழுந்தே நின்றுவிட்டார். கலியமூர்த்தியின் தோளில் தட்டினார். "நல்லா கட்டுப்பாடா வச்சிருக்கீங்க சார்."

கலியமூர்த்தி வெட்கப்பட்டுச் சிரித்தார். "சொல்லிக்கிட்டே இருப்பேன் சார். நாம சொன்னாத்தானே கேப்பாங்க."

திரௌபதி மிஷினிலிருந்து இறங்காமல் நின்று இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் ஏறினால் இவள் சமையல், இவள் இளைத்தால் அவர் கட்டுப்பாடு. நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். தேதி வேண்டும். தேதி வாங்கிக்கொண்டு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

தேதி கிடைத்தது. ரத்தம் குறைவாக இருக்கிறது, இரண்டு பாட்டில் ஏற்றிவிட்டு வியாழக்கிழமை செய்துவிடலாம் என்றார் டாக்டர். நர்ஸ் ஒரு தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். திரௌபதி பேனாவுக்குக் கையை நீட்டினாள். நர்ஸ் தாளைக் கலியமூர்த்தி பக்கம் நகர்த்தினாள்.

"சார் போடணும். கர்ப்பப்பை ஆபரேஷனுக்கு வூட்டுக்காரரு சம்மதம் வேணும்."

கலியமூர்த்தி பேனாவை வாங்கினார். வாங்கிக்கொண்டு, மூடியைத் திருகித் திருகி மூடினார். "இல்ல… எங்க அண்ணங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துடறனே? எடுத்துட்டாத் திரும்ப வைக்க முடியாதுல்ல? அது இல்லன்னா அப்புறம் பொம்பளன்னு என்னா சார் இருக்குது? பொங்கல் முடிஞ்சி வச்சிக்கலாமே."

பொங்கலுக்கு இன்னும் ஒன்றரை மாதம். திரௌபதி கையை நீட்டினாள்.

"இந்தப் பேனாவ இப்படிக் குடுங்க" என்றாள்.

"இல்ல திரௌபதி, பெரியவங்கள ஒரு வார்த்த…"

"ஒங்க கொடலு எறங்குனப்ப நான் எங்க அண்ணன கேட்டனா? ஒங்க தாள்ல நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க? என் ஒடம்பு பெருத்தா அதுக்கு நான்தான் பொறுப்புன்னு எல்லாரும் சொன்னீங்க. சரின்னு கேட்டுக்கிட்டேன். அதே ஒடம்பு உள்ளாற இருக்குற பை மட்டும் ஒங்க அண்ணன் சொத்தா? சதை என்துன்னா பையும் என்துதான். ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க. ஒங்களுதுன்னா, இத்தினி வருஷம் பட்ட கேலிக்கும் நீங்களே பொறுப்பு ஏத்துக்கங்க."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கலியமூர்த்தி டாக்டரைப் பார்த்தார், தன் பக்கம் ஏதாவது சொல்வார் என்று. டாக்டர் பூவராகன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவங்க போட்டாலே போதும் சார்" என்றார். "சட்டம்னு ஒண்ணும் கெடையாது. நாங்க வழக்கமா வூட்டுக்காரருகிட்ட வாங்கிக்கிறதுதான். பின்னாடி யாரும் வந்து சத்தம் போடக் கூடாதுல்ல."

வழக்கம். இவ்வளவுதானா? சந்தோஷப்பட வேண்டிய இடம் அது. திரௌபதிக்கு முன்பைவிட ஆத்திரம்தான் பொங்கியது. சட்டம் என்றாலாவது போகட்டும் என்று விட்டிருப்பாள். பேனாவை வாங்கி, 'திரௌபதி' என்று அழுத்தி எழுதினாள். தாள் மறுபக்கம் வரைக்கும் புடைத்தது. நர்ஸ் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெளியே வராந்தாவில் கலியமூர்த்தி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருக்கு நிஜமாகவே மனசு வருத்தப்பட்டிருந்தது. "நானும் போட்டிருப்பேன்ல? போட மாட்டேன்னா சொன்னேன்? அதுக்குள்ள நாலு பேரு முன்னால அப்படி பேசணுமா?"

திரௌபதி அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"போட்டிருப்பீங்க. நீங்க போடற வரைக்கும் போற ரத்தம் என்துங்க" என்றாள்.

ரத்தம் ஏற்ற உள்ளே வரச் சொல்லி நர்ஸ் கூப்பிட்டாள். திரௌபதி எழுந்தாள். தான் உட்கார்ந்திருந்த பெஞ்சைத் திரும்பிப் பார்க்காமலேயே உள்ளே போனாள்.